குரல் மட்டும் போன் பேச்சு மாதிரி கேட்டது

நாலு பாட்டு, அவரவர் வீட்டிலிருந்தே பதிவு. பாடகி குலசேகரத்தில், படுத்த படுக்கையான அப்பா பக்கத்தில். அவள் அனுப்பிய குரலில் 'ச' ஒலியே மங்கிக் கிடந்தது. ஈக்யூவில் (கனத்த, கீச்சு ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) கீச்சு ஒலியை ஏற்றினால் இரைச்சல்தான் கூடியது. சுவரில் போர்வை தொங்கவிட்டாள். நாகர்கோவிலிலிருந்து வேறு மைக்கும் போனது. அதிலும் அதே மங்கல்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினாற்போல் காலி. அறையோ மைக்கோ இப்படி வெட்டாது. அப்பா கூப்பிட்டால் கேட்கணுமென்று ஒரு காதில் மட்டும் ப்ளூடூத் இயர்போன் மாட்டியிருந்தாள். முடி மறைத்ததால் வீடியோவில் தெரியவில்லை. பதிவு ஆப் அதன் மைக்கையே எடுத்திருக்கிறது. அந்த மைக் இயங்கினால் ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறும்: அதில் மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பெரும்பாலும் 16,000, கிடைக்கும் உச்ச அதிர்வெண் அதில் பாதி.

ப்ளூடூத்தை அணைத்து, ஒயர் இயர்போனை ஒற்றைக் காதில் வைத்துப் பாடினாள். சரியாகிவிட்டது. அப்பாடா!