வீட்டுப் பொருளை இணையத்தில் விற்பவர்கள் பணம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய கேமரா, படித்து முடித்த புத்தகங்கள், குழந்தை வளர்ந்துவிட்டதால் சும்மா கிடக்கும் தொட்டில் என்று வீட்டில் இருப்பதை இணையம் வழியாக விற்பவர், கடைக்காரரைப் போல ஒரு விற்பனையின் நட்டத்தை மற்ற விற்பனைகளில் ஈடுகட்ட முடியாது. ஒரு முறை ஏமாந்தால் பொருளும் போய்ப் பணமும் போய்விடும். ஆகவே பணம் வாங்க ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன், அது எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதோடு, கணக்கில் வந்த பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பிப் போகும் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய இழப்பு வருவதோ இரண்டாவதில்தான்.

பெரும்பாலான சேவைகள் வாங்குபவரிடம் தனியாக எதுவும் கேட்பதில்லை. விற்பவருக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்தே கழித்துக்கொள்கின்றன. அந்தக் கழிவு பொதுவாக இரண்டு பகுதிகள் கொண்டது: மொத்தத் தொகையில் ஒரு சதவீதம், அதோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மாறாத ஒரு சிறு தொகை. எடுத்துக்காட்டாக 3 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வைத்துக்கொண்டால், 100 டாலர் விற்பனையில் 3.30 டாலர் போகும். அது பெரிதாகத் தெரியாது. ஆனால் 4 டாலருக்கு ஒரு புத்தகத்தை விற்றால் 42 சென்ட் கழிந்துவிடும், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மலிவான பொருள்களை ஒவ்வொன்றாக விற்பதைவிடச் சிலவற்றைக் கட்டாகச் சேர்த்து விற்பது நல்லது என்பதற்கு இந்த மாறாத தொகையே காரணம்.

அனுப்பும் செலவையும் சேர்த்து வாங்கினால் கழிவு அந்த மொத்தத் தொகைக்கும் கணக்கிடப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழிவு போகக் கையில் சரியாக 100 டாலர் வர வேண்டுமென்றால், 100 உடன் 3.30 ஐக் கூட்டிக் கேட்பது போதாது, 100.30 ஐ 0.97 ஆல் வகுத்து, 103.40 என்று விலை சொல்ல வேண்டும். வாங்குபவர் வேறு நாட்டில் இருந்தால் கூடுதல் சதவீதமும், நாணய மாற்றில் சந்தை மதிப்பைவிடக் குறைந்த விகிதமும் சேர்ந்துகொள்ளும். இந்த நாணய மாற்று இழப்பு சில சமயம் சேவைக் கட்டணத்தையே மிஞ்சிவிடும்; ஆனால் அது கட்டணம் என்ற பெயரில் காட்டப்படாததால் கண்ணில் படுவதில்லை. பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்போதும், முதலில் பிடித்த கட்டணத்தைப் பேபால் போன்ற சேவைகள் விற்பவருக்குத் திருப்பித் தருவதில்லை.

இந்தக் கழிவைத் தவிர்க்க, நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் பணம் அனுப்பும் முறையில் அனுப்பச் சொல்லும் வழக்கம் உண்டு. பொருள் விற்பனைக்கு அந்த முறையைப் பயன்படுத்துவது சேவையின் விதிகளுக்கு முரணானது. விற்பவரின் கணக்கே முடக்கப்படலாம். வாங்குபவருக்கும் அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால், விவரம் தெரிந்தவர் உங்களை அப்போதே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். கட்டணத்தை விலையிலேயே சேர்த்துவிட்டு முறைப்படி வாங்குவதுதான் சரி.

இனி ஆபத்துக்கு வருவோம். கணக்கில் பணம் ஏறியதும் விற்பனை முடிந்துவிட்டதாக நினைப்பது இயல்பு. ஆனால் பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள்கள் வரை வாங்குபவர் முறையிடலாம். அவர் கடன் அட்டையால் செலுத்தியிருந்தால், சேவை நிறுவனத்தை விட்டுவிட்டுத் தன் வங்கியிடமே முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. சார்ஜ்பேக் எனப்படும் அந்த நடவடிக்கையில் முடிவு சொல்வது அட்டையை வழங்கிய வங்கி. பணச் சேவை இடையில் நிற்கும் தூதர் மட்டுமே. நீங்கள் அந்தப் பணத்தை ஏற்கெனவே எடுத்துச் செலவழித்திருந்தால், உங்கள் கணக்கின் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போய், அந்தத் தொகை நீங்கள் சேவைக்குத் தர வேண்டிய கடனாக நிற்கும்.

முறையீடுகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்: பொருள் வரவில்லை என்பது, கணக்கின் உரிமையாளருக்குத் தெரியாமல் யாரோ பணம் செலுத்திவிட்டார் என்பது, வந்த பொருள் விவரித்தபடி இல்லை என்பது. முதல் இரண்டுக்கும் விற்பவர் பாதுகாப்பு என்ற ஏற்பாடு சில சேவைகளில் உண்டு. மூன்றாவதற்கு அது பொருந்தாது என்பதை விற்பவர்கள் அழுத்தமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதுகாப்புக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. பரிவர்த்தனை விவரத்தில் காட்டப்படும் முகவரிக்கே பொருளை அனுப்பியிருக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்ததைக் கண்காணிப்பு எண்ணைக் கொண்டு காட்ட முடிய வேண்டும். விலை உயர்ந்த பொருளாக இருந்தால் பெற்றவரின் கையெழுத்தும் வேண்டும். பணம் செலுத்திய பிறகு, "வேறொரு முகவரிக்கு அனுப்புங்கள், உறவினர் வாங்கிக்கொள்வார்" என்று செய்தி வந்தால், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் இணங்கக் கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான முகவரியைக் கொண்டு மறுபடியும் செலுத்தச் சொல்லுங்கள்.

விவரித்தபடி இல்லை என்ற முறையீட்டுக்கு எதிராக உங்களிடம் இருக்கக்கூடிய ஒரே துணை ஆதாரம். கேமரா என்றால், அடிப்பகுதியில் பொறித்திருக்கும் வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், கீறல் இருக்கும் இடங்களுக்கு நெருக்கமான படங்கள், அது இயங்குவதைக் காட்டும் ஒரு சிறு காணொளி, பெட்டிக்குள் வைத்து ஒட்டும் வரை இடைவெட்டில்லாமல் எடுத்த ஒரு பதிவு ஆகியவை போதும். ஒட்டிய பெட்டியைத் தராசில் வைத்து எடை தெரியும்படியும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரியர் ரசீதிலும் அதே எடை இருந்தால், வெறும் பெட்டிதான் வந்தது என்று சொல்பவருக்கு அது வலுவான பதிலாக இருக்கும். விற்பனை விளம்பரத்தில் குறைகளை மறைக்காமல் எழுதுவதும் இதே காரணத்தால் அவசியம்: எழுதிய குறையைக் காட்டி முறையிட முடியாது. முறையீடு வந்துவிட்டால் கொடுக்கப்பட்ட கெடுவுக்குள் பதில் தராதவர் அநேகமாகத் தோற்றுவிடுவார் என்பதால், அந்தக் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலை விற்பனைக்குப் பின்னும் பார்த்துவர வேண்டும்.

நேரில் வந்து பொருளை எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் பேபால் போன்ற சேவை மூலம் பணம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அனுப்பியதற்கு ஆதாரமே இல்லாததால் அங்கே விற்பவர் பாதுகாப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை. ரொக்கமாக வாங்குவது நல்லது. வங்கிப் பரிமாற்றமென்றால் உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, பணம் வந்திருப்பதைப் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். எதிரே நிற்பவர் தன் கைபேசியில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைச் சில நொடிகளில் போலியாகத் தயாரித்துவிடலாம்.

பணம் வந்துவிட்டது, கண்காணிப்பு எண்ணைக் கொடுத்தால்தான் விடுவிப்போம் என்று வரும் மின்னஞ்சல்களும் அத்தகையவையே. அவற்றிலுள்ள இணைப்பைத் தொடாமல், கணக்கில் நேரடியாக நுழைந்து பாருங்கள். கேட்டதற்கு மேல் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மிச்சத்தை வேறு வழியாகத் திருப்பி அனுப்பச் சொல்பவர் செலுத்தியது பெரும்பாலும் திருட்டு அட்டையாகவோ போலிக் காசோலையாகவோ இருக்கும். மூலத் தொகை பின்னர் ரத்தாகும்போது நீங்கள் அனுப்பிய மிச்சம் திரும்பி வராது. பணம் பெறுவதற்காக என்று சொல்லி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னால், அது உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கும் வேலை.

புதிய கணக்குகளில் வரும் பணத்தைச் சேவைகள் சில நாள்களோ சில வாரங்களோ நிறுத்தி வைப்பதுண்டு. பேபாலில் இது 21 நாள்கள் வரை நீளலாம். ஆகையால் விற்ற பணத்தை நம்பி மறுநாளே செய்ய வேண்டிய செலவு எதையும் திட்டமிடாதீர்கள். நிறுத்தம் நீங்கியதும் இருப்பை வங்கிக்கு மாற்றிவிடலாம். படங்களையும் ரசீதுகளையும் உரையாடல்களையும் மட்டும் முறையீட்டுக் காலம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.