ஆண்டீஸ் ஏரிகளுக்கு இருவராக: ஒளு, உயரம், ஒரு ஜோடி கையுறை

பெருவுக்குப் போய் வந்தோம் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?" என்பதுதான். சாப்பாடு பெரிய பாடில்லை. மலையில் நம்மைப் படுத்துவது நேரம். ஏரி நடை பகல் முழுக்க இழுக்கும். சுற்றுலா வேன் நம் தொழுகைக்கு நிற்காது. இந்த இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே யோசித்து வைத்துவிட்டால் மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம். நாங்கள் யோசிக்காமல் போய் ஒரு நாளைப் பாழாக்கிவிட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் போனது பெருவின் அன்காஷ் பகுதி. உவாராஸ் என்ற ஊரை மையமாக வைத்து, கோர்தியேரா பிளாங்கா என்ற பனிமலைத் தொடரின் ஏரிகளுக்கு நடந்தோம். பெருவிலேயே உயரமான உவாஸ்கரான் சிகரம், 6,768 மீட்டர், இந்தத் தொடரில்தான் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம், அப்போது போங்கள். லிமாவிலிருந்து பேருந்தில் எட்டு மணி நேரம். இரவுப் பேருந்தில் ஏறிவிட்டால் ஒரு நாள் மிச்சம் என்பார்கள். நாங்கள் பகலில் போனோம். சுபுஹ் (அதிகாலைத் தொழுகை) என்ன ஆகுமோ என்ற பதைப்பு இல்லை, வழியில் 4,000 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் கொனோகோச்சா ஏரியையும் பார்க்கலாம்.

முதலில் நாங்கள் செய்த தப்பு

உவாராஸ் ஊரே 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். முதல் நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் வில்காகோச்சா ஏரிக்கு ஏறலாம், அது 3,700 மீட்டர். ஷேர் வேனில் போய்ப் பாலத்தருகே இறங்கி, கிராமத்து வயல்களுக்கு நடுவே மெதுவாக ஏறினால் இரண்டு மணி நேரம். ஏரி சின்னதுதான், ஆனால் எதிரே வெள்ளை மலைகள் வரிசையாகத் தெரியும். இதுவரை சரியாகத்தான் செய்தோம்.

மூன்றாம் நாளே லகூனா 69-க்கு வேனில் இடம் பிடித்தது தப்பு. அந்த ஏரி 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு உவாராஸிலிருந்து காலை ஐந்து மணிக்கே வேன் கிளம்பிவிடும். ஜூன், ஜூலையில் அங்கே சுபுஹ் நேரம் ஐந்து மணிக்குச் சற்றுப் பிந்தித்தான் தொடங்குகிறது. சூரிய உதயம் ஆறே கால், ஆறரைக்குள். அதாவது சுபுஹ் முழுதும் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். "வழியில் பத்து நிமிஷம் நிறுத்துங்க" என்று முந்தின நாளே கேட்டோம், தலையாட்டினார்கள். காலையில் ஓட்டுநருக்கு அந்தப் பேச்சே தெரியவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது வெயில் வந்துவிட்டது. நேரத்துக்காக இருக்கையிலேயே தொழுதேன், அறைக்கு வந்து மீட்டித் தொழுதேன். இதற்கு நடுவில் பாதி ஏற்றத்திலேயே தலை பிளந்து, வாந்தி வந்து திரும்பியதும் நான்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் அருவி, அதற்கு மேலே எங்கோ ஏரி. மச்சான் (என் கணவர்) ஒரு வார்த்தை சொல்லாமல் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினார்.

ஊரை மாற்றுங்கள்

மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கராஸுக்குப் போனோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கராஸ் அதே பள்ளத்தாக்கில் கீழே, 2,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். நல்ல தூக்கம் வரும். பரோன் ஏரிக்கு அங்கிருந்துதான் பாதை. லகூனா 69-க்கும் உவாராஸைவிடப் பக்கம். சுபுஹை அறையிலேயே தொழுதுவிட்டு, ஐந்தரைக்கு ஒரு டாக்ஸியில் கிளம்பினால் போதும்.

டாக்ஸி என்றால் நாள் முழுக்க நமக்காக நிற்கும் வண்டி. முந்தின நாளே எங்கெங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டி வாடகை பேசிவிடுங்கள். வேனைவிடச் செலவு கூடத்தான். ஆனால் இருவர் மட்டும், நினைத்த இடத்தில் நிற்கலாம், பாட்டுச் சத்தமில்லை. கல்யாணமான புதிதில் போகிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

ஊரை மாற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. எங்கள் வீட்டில் நான் ஷாஃபி, அவர் ஹனஃபி; இரண்டும் இஸ்லாமியச் சட்ட வழிமுறைகள் (மத்ஹப்). ஷாஃபி மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் நான்கு நாள் தங்க நிய்யத் (எண்ணம்) வைத்துவிட்டால் பயணிக்குரிய சலுகை போய்விடும். ஹனஃபிக்குப் பதினைந்து நாள். உவாராஸில் மூன்று இரவு, கராஸில் மூன்று இரவு என்று பிரித்ததால் எனக்குக் கஸ்ரும் (தொழுகையைச் சுருக்குவது) ஜம்உம் (இரண்டு தொழுகையைச் சேர்த்துத் தொழுவது) நிலைத்தன. உங்கள் திட்டத்தைக் கிளம்புமுன் உங்கள் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரோனுக்கு முதலில் போங்கள். 4,200 மீட்டர், ஆனால் ஏரிக் கரைவரை வண்டி போகும். கோர்தியேரா பிளாங்காவின் பெரிய ஏரி அது. இருபுறமும் சுவர்போல் பாறை, கடைசியில் கூர்க்கோபுரமாக ஒரு பனிச் சிகரம். கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் கூட்டம் பின்னால் போய்விடும். உயரத்துக்கு உடம்பு பழகவும் இது நல்லது: பகலில் மேலே, இரவில் கீழே தூக்கம்.

மறுபடியும் லகூனா 69

பூங்காவில் எண்ணிட்ட ஏரிகளில் 69-வது என்பதால் அந்தப் பெயர். நாங்கள் போனபோது உவாஸ்கரான் தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் சீட்டு ஆளுக்கு 30 சோல். பாதையில் யுங்காய் வரும். 1970 மே 31 நிலநடுக்கத்தில் உவாஸ்கரானிலிருந்து சரிந்த பனியும் பாறையும் பழைய ஊரை முழுதாக மூடிவிட்டன. அந்த மண்ணின் மேல் இப்போது நினைவுத் தோட்டம். நாங்கள் அங்கே நிறுத்திச் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

செபோயாபம்பா என்ற புல்வெளியில், 3,900 மீட்டரில் நடை தொடங்கும். போக வர 14 கிலோமீட்டர். முதல் ஒரு மணி நேரம் மாடு மேயும் சமவெளி, பிறகு வளைந்து வளைந்து ஏற்றம், நடுவில் ஒரு குட்டி ஏரி, கடைசி ஏற்றம்தான் கொல்லும். இருபது அடி நடந்து இருபது மூச்சு வாங்கினால் போதும், அங்கே யாரும் போட்டிக்கு வரவில்லை.

இனி ஒளு, அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம். அறையில் வெந்நீரில் முழு ஒளு செய்து, அதன் மேல் குஃப் என்ற தோல் காலுறையை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் பூட்ஸ் போட்டேன். பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு மஸஹ் செய்ய, அதாவது கால் கழுவாமல் குஃப்பின் மேல் ஈரக் கையால் தடவ, அனுமதி உண்டு. பாதை முழுக்கச் சாணி என்பதால் தொழும்போது பூட்ஸைக் கழற்றிவிடலாம், குஃப் காலிலேயே இருக்கும். உருகிய பனியில் கால் கழுவும் கொடுமையும் இல்லை.

சிக்கல் கால் அல்ல, கை. ஷாஃபியில் கணவன் கை பட்டாலும் ஒளு முறிந்துவிடும். ஓடையில் கல் விட்டுக் கல் தாண்ட வேண்டியிருந்தது. மச்சான் அக்கரையில் நின்று, "கையக் குடு" என்கிறார். "ஒளு இருக்கு மச்சான், உறையப் போடுங்க!" என்றேன். அவர் கால்சட்டைப் பையில் தேடி, முதுகுப் பையில் தேடி, கடைசியில் ஒரு கையுறையை மட்டும் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு நீட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி, எடுக்க வசதியான பையில். குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரியை எட்டியபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. பாறைத் தூள் கலந்த பனிநீர் என்பதால் அந்த நீலம். படத்தில் வண்ணம் கூட்டியதாக நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. தண்ணீர் விளிம்பில் சிலர் நீச்சலுடையில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு பெரிய பாறைக்கு அப்பால் போய் விரிப்பைப் போட்டோம். அந்த வட்டாரத்தில் கிப்லா (தொழும் திசை) கிழக்கிலிருந்து சற்று வடக்கே, காம்பஸில் சுமார் 70 பாகை. உவாராஸில் நின்றால் பனிமலைப் பக்கம் முகம் வைத்ததுபோல இருக்கும். லுஹர் (நண்பகல் தொழுகை) பன்னிரண்டே காலுக்கு. நான் அஸரையும் (பிற்பகல் தொழுகை) சேர்த்துத் தொழுதுவிட்டேன். ஹனஃபியான அவருக்கு அது கிடையாது. அதற்காகத்தான் திரும்பும்போது யங்கானுகோவில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தோம். அங்கே இரண்டு ஏரிகள். சினான்கோச்சா பெண் ஏரி, ஓர்கோன்கோச்சா ஆண் ஏரி என்பது கெச்சுவா மொழிப் பொருள். பெண் ஏரியில் வாடகைப் படகில் அரை மணி நேரம் போய்விட்டு, நாலரைக்கு அவர் கரையில் அஸர் தொழுதார்.

உயரத்துக்கு அசிட்டசோலமைடு மாத்திரை பலர் எடுக்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அது அடிக்கடி சிறுநீர் வரவைக்கும், ஒளுவைக் காப்பது இன்னும் கஷ்டம். கோகா இலைத் தேநீர் எல்லா இடத்திலும் தருவார்கள். நாங்கள் தொடவில்லை. முன்யா என்ற மலைப் புதினா தேநீர் கேளுங்கள், வயிற்றுக்கும் இதம். தலைவலி கூடிக்கொண்டே போனால் ஒரே மருந்து, இறங்குவது.

சாப்பாடு

இறைச்சியை அறவே விட்டுவிட்டோம், அத்தோடு முக்கால் பிரச்சினை தீர்ந்தது. ட்ரூச்சா எனப்படும் ட்ரௌட் மீன் எங்கும் கிடைக்கும். பொரித்தது வேண்டாம், அதே எண்ணெயில் பன்றி பொரித்திருக்கலாம். 'ஆ லா பிளாஞ்சா' என்று கல்லில் சுட்டதாகக் கேளுங்கள். மனப்பாடம் செய்ய மூன்று சொற்றொடர்: சின் சாஞ்சோ, பன்றி வேண்டாம், சின் மான்தேகா, கொழுப்பு வேண்டாம், சின் அல்கோல், மது வேண்டாம். மான்தேகா ரொட்டியிலும் இருக்கலாம். காய்கறி சூப் கேட்டால் அடியில் எலும்பு கிடக்கும். சுட்ட கோழியைப் பல கடைகளில் பீரில் ஊறவைப்பார்கள். ஊதா மக்காச்சோளத்தில் செய்யும் சிச்சா மொராதா நல்ல பானம். சிச்சா தே ஹோரா புளிக்கவைத்த மது. பெயர் ஒன்றுபோல இருக்கும், ஏமாறாதீர்கள்.

எனக்குப் பிடித்தது உவாராஸ் தெருவில் பெண்கள் விற்கும் செவிச்சே தே சோச்சோ. பல நாள் ஊறவைத்துக் கசப்பு நீக்கிய ஒரு வெள்ளைப் பருப்பு, அதில் வெங்காயம், தக்காளி, மிளகாய், எலுமிச்சை, மேலே வறுத்த சோளம். மீனும் இல்லை, கறியும் இல்லை. தினம் இரண்டு தட்டு.

தங்க, குடும்பம் நடத்தும், அடுப்படியைப் பயன்படுத்த விடும் விடுதியாகப் பாருங்கள். ஒரே கட்டில் வேண்டுமென்றால் 'மாத்ரிமோனியால்' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஒற்றைக் கட்டில் போட்டுவிடுவார்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள், சுபுஹுக்கு அது தேவை. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. வாய் குறுகிய ஒரு பிளாஸ்டிக் போத்தல் போதும். உவாராஸ் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அரிசி சீக்கிரம் வேகாது. வீட்டம்மா என் பானையை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். அன்று இரவு முட்டைக் குழம்பும் சோறும். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். காரம் போதவில்லை என்று தன் வீட்டு மிளகாய்ச் சட்னியை எடுத்து வந்து அதன் மேல் ஊற்றிக்கொண்டார்.