கணுக்கால் முறிவு: ஸ்க்ரூவா, பட்டனா என்று கேட்பதற்கு முன்

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து மழைக்காலத்தில் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். குலை ஏற்றிய தள்ளுவண்டியோடு லோங்கான் (வடிகால்) மேல் போட்ட பலகையைத் தாண்டும்போது வழுக்கி, பாதம் வெளிப்பக்கம் திருகியிருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே இளம் டாக்டர்கள், "ஸ்க்ரூவா, பட்டனா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். விலகிய இரண்டு கால் எலும்புகளையும் ஸ்க்ரூவால் முடுக்குவதா, இருபுறமும் பட்டன் வைத்து நூலால் இழுத்துக் கட்டுவதா என்பதுதான் அந்தக் கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதைக் கேட்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள் இவை.

கணுக்காலை மட்டும் படம் எடுப்பது

முழங்கால்வரை எடுங்கள். வெளிப்பக்க மெல்லிய எலும்பான ஃபிபுலா அங்கே உடைந்திருக்கலாம்.

எலும்பு உட்காரும் முன்பே முடுக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. தடித்த கால் எலும்பான டிபியாவின் வெளிப்புறப் பள்ளத்தில் ஃபிபுலா உட்கார வேண்டும். இரண்டையும் பிணைக்கும் தசைநார்கள் அறுந்தால் அது முன்னும் பின்னும் நழுவும், சுழலவும் செய்யும். அந்தக் கோணலோடு கிளாம்ப் (இடுக்கி) போட்டு இறுக்கினால் கோணல்தான் நிலைக்கும்.

வேறோர் ஊரில் பயிற்சியில் இருந்தபோது, ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவருக்கு நான் ஸ்க்ரூ போட்டேன். படம் அழகாக இருந்தது. நான்கு மாதம் கழித்து வந்து, "தம்பி, படி இறங்கினா உள்ளே ஏதோ மாட்டுது" என்றார். இரண்டு காலையும் சி.டி. எடுத்தபோது ஃபிபுலா முன்னே நகர்ந்திருந்தது தெரிந்தது. மறுபடி அறுவை, மறுபடி கூலி இல்லாத மாதங்கள்.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பொருத்தப்பட்ட 25 பேரில் 13 பேருக்கு எலும்பு சரியாக உட்காரவில்லை என்று சி.டி. காட்டியது. சாதாரண எக்ஸ்ரேயில் அவர்களில் பலர் தப்பிவிட்டார்கள். கணுக்கால் மூட்டின் அடி எலும்பான டேலஸ் 1 மி.மீ. வெளியே நகர்ந்தாலே மூட்டுத் தொடுபரப்பு சராசரியாக 42% குறையும் என்று 1976லேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

அதனால் கத்தி வைக்கும் முன் அடிபடாத காலை சி-ஆர்ம் என்னும் அறுவை அறை எக்ஸ்ரே கருவியில் நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்து வையுங்கள். அப்புறம் முன்பக்கம் சிறிதாகத் திறந்து, எலும்பு உட்கார்ந்ததைக் கண்ணால் பாருங்கள், விரலால் தொடுங்கள். பிறகுதான் முடுக்கு.

பட்டனை மந்திரமாக நம்புவது

பட்டனின் நூல் கொஞ்சம் இடம் கொடுப்பதால் சிறு பிசகு தானாகச் சரியாகலாம், பெரிய பிசகு ஆகாது. நொறுங்கிச் சுருங்கிய ஃபிபுலாவின் நீளத்தையும் பட்டன் தனியாகக் காக்காது, உலோக பிளேட் வேண்டும். விலையும் ஸ்க்ரூவைப்போலப் பல மடங்கு.

வழக்கம் என்று ஸ்க்ரூவைக் கழற்றுவது

தொந்தரவு இல்லையென்றால் விடுங்கள். உடைந்த ஸ்க்ரூவோடும் பலர் நன்றாக நடக்கிறார்கள்.

சர்க்கரையைக் கேட்காமல் ஊன்றச் சொல்வது

சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் ஊன்றாமல் இருக்க வேண்டிய காலம் வழக்கமானதைப்போல இரு மடங்கு.