நேரோபோட்டில் லாங்கோலென் போகிறவர்களுக்கு

வேல்ஸில் உள்ள லாங்கோலெனுக்குக் காரிலும் போகலாம். ஆனால் அந்த ஊருக்கு நேரோபோட்டில், அதாவது ஒடுங்கிய நீளமான கால்வாய்ப் படகில் போனால்தான் ருசி. புதிதாகப் படகு ஓட்டுபவர்கள் சர்க் ஊர்ப் பக்கம் வாடகைக்கு எடுங்கள். அங்கிருந்து லாங்கோலென் வரை ஒரு லாக் (தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் மதகு) கூடக் கிடையாது. உரிமம் கேட்க மாட்டார்கள். சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். இது கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் ரிவர்ஸ்தான், அதுவும் நிதானமாகத்தான் நிற்கும்.

வழியில் பொன்ட்கெசுல்த்தே தொட்டிப்பாலம். டெல்ஃபோர்ட், ஜெசப் என்ற பொறியாளர்கள் கட்டி 1805இல் திறந்தது. 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரம். தண்ணீர் ஓடுவது வார்ப்பிரும்புத் தொட்டியில். நடைபாதைப் பக்கம் கம்பிவேலி உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது, தொட்டி விளிம்பைத் தாண்டினால் பள்ளத்தாக்குதான். பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள். என் மாமியார் அவராகவே உள்ளே போய், அக்கரை சேரும்வரை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே படகு வந்தால் விலக இடமில்லை. அக்கரை காலியா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.

பாலம் முடிந்ததும் நேரே போனால் டிரெவர் படகுத்துறை. லாங்கோலெனுக்கு இடப்பக்கம் சட்டென்று ஒடிக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை. சில இடங்களில் பாறையை வெட்டிய கால்வாய், ஒரு படகு அகலம்தான். ஒருவரை இறக்கிவிட்டு, போனோடு முன்னால் நடக்கச் சொல்லுங்கள். அவர் "வாங்க" என்ற பிறகு நுழையுங்கள். டீ ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் எதிர்த்து ஓடுவதால் படகு நகராத மாதிரி இருக்கும். பொறுமையிழந்து எஞ்சினை முடுக்காதீர்கள்: ஆழம் குறைவு, பின்பக்கம் அமிழ்ந்து இன்னும் மெதுவாகும். கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், நகரும்.

கோடையில் ஊர்த்துறையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். துறைக்கு மேல் எஞ்சின் படகு போகக்கூடாது. தண்ணீர் கால்வாய்க்குள் நுழையும் ஹார்ஸ்ஷூ அருவி வரை நடந்தே பாருங்கள். ஊர் கால்வாய்க்குக் கீழே சரிவில் இருக்கிறது, வாங்கிய சாமானெல்லாம் மேடேற்ற வேண்டும். அரிசி பருப்பைப் புறப்படும்போதே ஏற்றிவிடுவது உத்தமம்.

திரும்பும்போது அதே நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளும். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.