மாருதி 800: ஆயில் பம்ப்பை வீட்டிலேயே மாற்றியது

சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறியதும் என் பழைய மாருதி 800-இல் ஆயில் லைட் (ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் விளக்கு) எரிந்தது. எரிந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் அந்த லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் (பிரஷரை அளக்கும் மீட்டர்) மாட்டி, பிரஷர் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள். பல நேரம் சுவிட்ச்தான் கெட்டிருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்தாலும் பிரஷர் குறையும், அதற்குப் பம்ப் மாற்றிப் பயனில்லை.

இந்த இன்ஜினில், ஆயிலைப் பாகங்களுக்குத் தள்ளும் பம்ப், கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்முனையில் இருக்கிறது. டைமிங் பெல்ட், புல்லி, சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயில் உறிஞ்சும் வலை) எல்லாம் இறங்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். பெல்ட்டைக் கழற்றும் முன் டைமிங் குறிகளை நேராக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தவறியது சீலில், அதாவது கிராங்க் முனையைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில். உலர்ந்த சீலை அப்படியே தள்ளினேன், அதன் உதடு (உள்விளிம்பு) மடங்கி மறுநாளே ஒழுகியது. பாதி வேலையைத் திரும்பச் செய்தேன். உதட்டில் ஆயில் தடவி, கிராங்க் முனையின் கூர்விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, பொறுமையாக ஏற்றுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழக்கூடாது. ஸ்ட்ரெய்னரையும் கழுவுங்கள்.

மாட்டும் முன் பம்ப்புக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் அது காற்றைத்தான் இழுக்கும். புது ஃபில்டர், புது ஆயில் போட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, லைட் அணையும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகுதான் ஸ்டார்ட்.