கைம்மையைப் பேசும் குறும்படத்தை ஆய்ந்து எழுதுவது எப்படி?

கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிய குறும்படத்தை ஆய்ந்து எழுதச் சொன்னால், பெரும்பாலோர் முதல் பத்தியிலேயே “வெள்ளைப் புடவை துயரத்தின் குறியீடு” என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை. படத்தைப் பார்க்காமலேயே அதை எழுதிவிட முடியும் என்பதுதான் சிக்கல். வெள்ளைப் புடவையும் வெறும் நெற்றியும் உடைந்த வளையலும் நம் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்த சேதிகள். இவள் இன்னாள் என்று அறிமுகப்படுத்தவே இயக்குநர் அவற்றைக் கையாளுகிறார். அவர் சொல்லவந்ததைத் தேட வேண்டிய இடம் வேறு: அறிமுகம் முடிந்த பிறகு கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த ஒலி திடீரென்று இல்லாமல் போகிறது என்பவற்றில்தான் அது இருக்கும்.

குறும்படத்தைக் குறைந்தது மூன்று முறை பாருங்கள். முதல் முறை கையில் பேனா வேண்டாம். படம் முடிந்ததும் மனத்தில் தங்கிய ஒரே ஒரு பிம்பத்தை மட்டும் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒலியை மட்டும் கேளுங்கள். துக்கத்தைப் பற்றிய படங்களில் இந்த மூன்றாவது சுற்று எதிர்பாராத பலன் தரும்; உறவினர் பேச்சு எங்கே ஓய்கிறது, வீட்டுக்குள் பாத்திரச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் எங்கே மேலெழுகின்றன என்பது அப்போதுதான் காதில் விழும்.

அடுத்து ஷாட் அட்டவணை. வெட்டு இல்லாமல் தொடர்ந்து ஓடும் ஒரு துண்டுதான் ஷாட்; அவற்றை வரிசையாகக் குறிக்கும் பட்டியல் இது. முழுப் படத்துக்கும் போட வேண்டியதில்லை. தொடக்கக் காட்சி, இறுதிக் காட்சி, நடுவில் உங்களை உறுத்திய ஒரு காட்சி ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதன் நீளம் விநாடிகளில், அண்மையா தூரமா, கேமரா அசைகிறதா, என்ன ஒலி கேட்கிறது என்று குறியுங்கள். இந்த அட்டவணையில் பொருள் விளக்கம் எதுவும் நுழையக் கூடாது. ‘தனிமை’ என்று எழுதத் தோன்றினால் கையை அடக்கிக்கொண்டு, “மேசையில் இரண்டு தட்டு, ஒன்று கவிழ்த்தபடி, 9 விநாடி, தெருவில் ஐஸ்காரர் மணி” என்று எழுதுங்கள். புறநானூற்றின் 246ஆம் பாடல் இதற்கு நல்ல பாடம். உடன்கட்டை ஏறத் துணிந்த, மன்னன் பூதப்பாண்டியனின் தேவி கைம்மை வாழ்வைச் சொல்லும்போது, நெய் படாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, பாயில்லாத பரற்கல் படுக்கை என்று பொருள்களையே அடுக்குகிறார். ‘உயவல்’ (வருந்துதல்) என்ற ஒரே சொல்லைத் தவிர, வருத்தத்துக்கு அங்கே தனியாக விளக்கம் இல்லை.

அட்டவணை கையில் இருந்தால், எது திரும்ப வருகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயன்தரும் கேள்வி வேறில்லை. பத்து நிமிடப் படத்தில் ஒரே பொருளோ செயலோ இரண்டு முறை வந்தால் அது தற்செயலாக இருப்பது அரிது. பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு முழுநீளப் படத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். தனியாக வெட்டியெடுத்தால் அந்தப் பகுதியே ஒரு குறும்படம்தான். 1975இல் வெளிவந்த இந்திப் படமான ‘ஷோலே’யில், இளம் கைம்பெண்ணான ராதா இருட்டும் வேளையில் பெரிய வீட்டின் தாழ்வாரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறாள், எதிரே சிறிய வீட்டின் படியில் உட்கார்ந்து, நாயகர்களுள் ஒருவனான ஜெய் மவுத் ஆர்கன் வாசிக்கிறான். வசனம் கிடையாது. இருவருக்கும் நடுவே வெட்டவெளி. இதே அமைப்பு படத்தில் மீண்டும் வருகிறது. இந்தச் சிறு காட்சிகளுக்கான ஒளியைப் பிடிக்க ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சாவுக்கும் குழுவுக்கும் சுமார் 20 நாள் ஆனதாகப் பதிவு உண்டு.

இதை எப்படி வாசிப்பது? விளக்கை அணைப்பது அவள் வாழ்வின் ஒளி அணைந்ததைக் காட்டுகிறது என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வீட்டின் மருமகளுக்கு, இரவில் வெளியே வந்து நிற்க ஒரு காரணம் வேண்டும். விளக்கு அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. எத்தனை விளக்கு உண்டோ அத்தனை நேரம் அவள் அங்கே நிற்கலாம். அப்படிப் பார்த்தால், வெளிச்சம் குறையக் குறைய அவளுக்குக் கிடைத்த நேரமும் குறைகிறது. சுடர் அணைவது அந்த நேரத்தை அளக்கும் கருவி ஆகிறது. இரண்டு வீடுகளையும் பிரிக்கும் தூர ஷாட்டும் அப்போது அழகுக்காக வைத்ததாகத் தோன்றாது. அவர்கள் கடக்க முடியாத தொலைவு அதுதான். பின்னர் ஜெய் இறந்ததும் அவள் சன்னலை மூடுகிறாள். விளக்குக் காட்சியைக் கவனித்தவருக்கு, மூடும் அந்தக் கை புதிதன்று.

ஷாட்டின் நீளத்தையும் இப்படியே கேள்வி கேட்க வேண்டும். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1993இல் எடுத்த, ‘த்ரீ கலர்ஸ்: ப்ளூ’ (மூன்று நிறங்கள்: நீலம்) என்னும் படத்தில், கணவனையும் மகளையும் விபத்தில் இழந்தவள் ஒரு சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தொட்டு, அது நனைந்து ஊறுவதைப் பார்க்கிறாள். சுமார் 5 விநாடி. அந்த நேரத்துக்குள் ஊறும் கட்டி எது என்று படக்குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். கூடவே உலகம் எதையோ சொல்லிக்கொண்டிருக்க, அவள் பார்வை கட்டியைவிட்டு நகர மறுக்கிறது. அந்த மறுப்புக்கு 5 விநாடி போதும், 15 விநாடியாக இருந்தால் நம் கவனமே அவளைவிட்டு நகர்ந்துவிடும். உங்கள் குறும்படத்தில் ஒரு ஷாட் வழக்கத்தைவிட நீண்டால், அந்தக் கூடுதல் விநாடிகளில் நீங்கள் எதைப் பார்க்கத் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது அடுத்தது. கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படம் ‘கடஸ்ராத்த’ (1977) இளம் கைம்பெண் யமுனாவின் கதையைச் சொல்கிறது. ஆனால் பெரும்பகுதியை நாணி என்ற சிறுவனின் பக்கத்திலிருந்து நாம் காண்கிறோம். பெரியவர்கள் அவளைத் தள்ளிவைப்பதன் காரணம் அவனுக்குப் புரிவதில்லை, நமக்குப் புரிகிறது. இந்த இடைவெளியில்தான் படத்தின் கோபம் முழுவதும் இருக்கிறது. கடைசியில் மழித்த தலையோடு மரத்தடியில் அமர்ந்திருக்கும் அவளை, ஊரைவிட்டுப் போகும் சிறுவனின் பார்வையோடு சேர்ந்தே நாம் விட்டுப் பிரிகிறோம்.

பின்புலத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைமழிப்பு குறிப்பிட்ட சாதிகளின் வழக்கமாக இருந்தது. வெள்ளை உடை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவன்று. 1856ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்களின் மறுமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. ஆகவே அதற்குப் பிந்தைய காலத்துக் கதையில் மறுமணம் நடக்கவில்லை என்றால், அங்கே தடுத்து நிற்பது எது என்று கேட்க வேண்டியிருக்கும்.

எழுதும்போது ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு ஷாட்டையாவது சான்றாக வையுங்கள். “அண்மைக் காட்சி அவள் சோகத்தை வெளிப்படுத்துகிறது” என்பது எந்தப் படத்துக்கும் ஒட்டும் வாக்கியம். “துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசும்போது முகங்கள் சட்டகத்துக்கு வெளியே இருக்க, அவள் டம்ளரைக் கழுவும் கை மட்டும் தெரிகிறது, ஆறுதல் சொல்பவர்களுக்கும் அவள்தான் காப்பி போட வேண்டியிருக்கிறது” என்பது அந்த ஒரு படத்துக்கு மட்டுமே பொருந்தும். எழுதி முடித்ததும், படத்தின் பெயரை விரலால் மறைத்துவிட்டு உங்கள் கட்டுரையைப் படியுங்கள். வேறொரு படத்துக்கும் பொருந்துகிற வாக்கியங்களை அடித்துவிட்டு, அந்த இடத்துக்கு உரிய ஷாட்டைத் தேடி மறுபடியும் அட்டவணையைப் புரட்டுங்கள்.