குரூப்பில் சேர்த்தாச்சு, இன்னும் 'பெர்மிஷன் டினைட்' வருகிறதா? என்எஃப்எஸ் கேஷைச் சரிபார்க்கும் முறை

பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு சிப் டிசைன் அலுவலகத்தில் லினக்ஸ் நிர்வாகம் பார்க்கிறேன். எல்லாருடைய கோப்புகளும் என்எஃப்எஸ்ஸில்தான், அதாவது சர்வரில் உள்ள ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு மெஷினிலும் (கிளையன்ட்) திறக்கும் முறை. புதிதாக வந்தவரை புராஜெக்ட் குரூப்பில் சேர்த்த பிறகும் அவர் மெஷினில் ஃபோல்டர் திறக்காது. பக்கத்து மெஷினில் திறக்கும். அப்போது இந்த வரிசையில் பாருங்கள். மவுன்ட் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எண். கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் ஆளை உறுதிசெய்யும் முறை) இல்லாத சாதாரண மவுன்ட்டில் கிளையன்ட் பெயரை அனுப்பாது. யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (முதன்மை குரூப் எண்), மற்ற குரூப் எண்களைத்தான் அனுப்பும். இரண்டு பக்கமும் யுஐடி ஒன்றா என்று 'ஐடி' கட்டளையில் பாருங்கள். கோப்புப் பட்டியலில் உரிமையாளர் 'நோபடி' என்று தெரிந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் ஐடிமேப் (பெயரையும் எண்ணையும் இணைப்பது) டொமைன் இரண்டு பக்கமும் பொருந்தாததால் வருவது. அனுமதியை முடிவு செய்வது எண்தான்.

அடுத்து செஷன். 'ஐடி' என்று மட்டும் அடித்தால் இந்த செஷனின் குரூப்கள் வரும். பெயரோடு அடித்தால் டேட்டாபேஸில் இருப்பது வரும். இரண்டும் வேறென்றால் லாகவுட் செய்து திரும்ப வரவேண்டும். சர்வர் சொன்ன அனுமதிப் பதிலைக் கிளையன்ட் தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பு) வைத்திருக்கும். அதில் ஆளை அடையாளம் காண்பது யுஐடி, ஜிஐடி, குரூப் பட்டியல் மூன்றையும் சேர்த்து. பட்டியல் மாறினால் பழைய பதில் பொருந்தாது, சர்வரிடம் புதிதாகக் கேட்கும்.

சிக்கல் இனிமேல்தான். கிளையன்ட் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையில் 16 துணை குரூப்களுக்கு மேல் போகாது. எங்களைப் போன்ற இடங்களில் அது போதாது, அதனால் சர்வரில் மவுன்ட்டி-க்கு (மவுன்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் சேவை) 'மேனேஜ் ஜிட்ஸ்' ஆப்ஷன் போடுவோம். அப்புறம் கிளையன்ட் அனுப்பும் பட்டியலை சர்வர் பார்க்காது, தானே தேடிக்கொள்ளும். அந்த விடையை வழக்கமாக 30 நிமிடம் வைத்திருக்கும். சர்வரில் மட்டும் குரூப் மாறினால் கிளையன்ட்டுக்கு எதுவும் தெரியாது. அதன் கேஷில் பழைய 'முடியாது' அப்படியே நிற்கும். கோப்பின் சிடைம் (மோட், உரிமையாளர் போன்றவை கடைசியாக மாறிய நேரம்) மாறாதவரை, ஆட்ரிப்யூட் கேஷ் (கோப்பின் விவரங்களுக்கான கேஷ்) காலாவதியானாலும் அது தானாகப் போகாது.

எந்த மெஷினிலும் திறக்கவில்லை என்றால் சர்வரில் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை 'எஃப்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், சர்வர் வைத்திருக்கும் பழைய விடை போய்விடும். ஒரு மெஷினில் மட்டும் திறக்கவில்லை என்றால் சர்வரில் அந்த ஃபோல்டருக்கு ஏற்கெனவே உள்ள அதே மோடை (அனுமதி அமைப்பு) 'சிமாட்' கட்டளை மூலம் மறுபடி போடுங்கள். சிடைம் மாறும், இயல்பான அமைப்பில் 60 விநாடிக்குள் கிளையன்ட் புதிதாகக் கேட்கும். கிளையன்ட்டில் டிராப் கேஷஸ் (கெர்னலின் கேஷைக் காலிசெய்வது) செய்யலாம்தான், ஆனால் சிமுலேஷன் ஓடும் மெஷினில் நான் அதைத் தொடமாட்டேன். ஆட்ரிப்யூட் கேஷை நிறுத்தும் 'நோஏசி' மவுன்ட் ஆப்ஷனும் வேண்டாம்: எல்லாரின் வேகத்தையும் குறைக்கும், இந்தச் சிக்கலைத் தீர்க்காது.

பின்சேர்க்கை: லாகின் செய்தும் சரியாகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் போனது பழைய டீமக்ஸுக்குள் (லாகவுட் செய்தாலும் டெர்மினலை ஓடவிடும் நிரல்). அது பழைய குரூப்களோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். டீமக்ஸ் சர்வரையே நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.